‘மழைக்குத் தாங்கும்’ என்று சொல்லி விற்ற கேமரா: மலையிலிருந்து வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோயம்புத்தூரில் பழைய கேமரா வாங்கி விற்கும் ஒரு கடையில் 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் ஏமாற்றிய விதத்தை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீலகிரியில் இருக்கிற நாம் கேமரா வாங்கக் கீழே இறங்கித்தான் போகிறோம். காலையில் போய், வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறோம். அந்த அவசரம் கடைக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நான் கோத்தகிரியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். வனத்துறை அனுமதியோடு லாங்வுட் சோலைக்குள் போய் காசித்தும்பை, பெரணி, பாசி, காளான், சில சமயம் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தவளை என்று படம் எடுத்து வந்து பிள்ளைகளுக்குக் காட்டுவது பல வருடப் பழக்கம். இவை எல்லாமே மழையில்தான் நன்றாக இருக்கும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரியது. அந்த மழையில் போனின் தொடுதிரை ஈரத்தில் தானாக எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும், படம் எடுக்க முடியாது. அதனால் இரண்டு வருடம் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு கேமரா வாங்க நினைத்தேன்.

என் மனதில் இருந்தவை இரண்டு. ஒன்று, ஒலிம்பஸ் டிஜி-5. 2017இல் வந்த சின்ன கேமரா. தண்ணீருக்குள் 15 மீட்டர் ஆழம் வரை போகலாம், லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளையும் படம் எடுக்கும். இன்னொன்று, நிக்கான் டி700. 2008இல் வந்தபோது தொழில்முறைக்காரர்கள் வாங்கிய டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றும் பெரிய கேமரா. இரண்டும் 12 மெகாபிக்சல்தான். ஆனால் டி700இன் சென்சார், அதாவது உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் தகடு, 36க்கு 24 மில்லிமீட்டர், டிஜி-5இன் சென்சாரைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு பரப்பு. சோலைக்குள் வெளிச்சம் குறைவு, பெரிய சென்சார் இருந்தால் நல்லதுதானே என்று நானே பாதி மனதை டி700 பக்கம் சாய்த்து வைத்திருந்தேன். மீதிப் பாதியைக் கடைக்காரர் சாய்த்தார்.

2023 செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் இரண்டு கேமராவும் இருந்தன. எனக்கு மழையில்தான் வேலை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன். கடைக்காரர் டி700ஐக் காட்டிச் சொன்னது:

“மேடம், இது மெக்னீசியம் பாடிங்க. உள்ளுக்குள்ள எல்லா இடத்துலயும் ரப்பர் சீல் இருக்குதுங்க. மழையில நனைஞ்சாலும் தாங்கும். அந்தச் சின்னது டூரிஸ்ட்டுங்க அருவியில விளையாட வாங்கறதுங்க. டீச்சருக்கு அது எதுக்குங்க?”

பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவில், சீல் இருப்பது உண்மை. ஆனால் எனக்கு அவர் போட்டுக் கொடுத்த லென்ஸ் நிக்கானின் பழைய 60 மில்லிமீட்டர் மைக்ரோ, டி வகை. சின்னப் பொருளை மிகப் பக்கத்திலிருந்து எடுக்கும் லென்ஸ். அந்த லென்ஸின் பின்பக்கம் பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையமே கிடையாது. அதோடு, பக்கத்தில் இருக்கும் பொருளுக்கு ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும், திரும்ப உள்ளே போகும். சைக்கிள் பம்பு மாதிரி ஒவ்வொரு முறையும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். பாடிக்கு எத்தனை சீல் இருந்தாலும் இந்த லென்ஸை மாட்டிய பிறகு மழைக்குத் தாங்கும் என்று சொல்வது பொய். நிக்கானின் கையேட்டிலேயே கேமராவை ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

அப்புறம் ஷட்டர் கவுண்ட். டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஷட்டர் திரை திறந்து மூடும். டி700இன் ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. அதனால் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது “எவ்வளவு ஓடியிருக்கு?” என்பதைத்தான். நானும் கேட்டேன். அவர் கேமராவில் இருந்த ஒரு படத்தைத் திறந்து அதன் கோப்பு எண்ணைக் காட்டினார். 8214 என்று இருந்தது. “பத்தாயிரத்துல ஒரு ரவுண்டு முடிஞ்சு எட்டாயிரத்து இருநூறுங்க. மொத்தமே பதினெட்டாயிரம்தான். வீட்டு உபயோகம்.” நம்பிவிட்டேன்.

கோப்பு எண் என்பது ஷட்டர் கவுண்ட் அல்ல. அது 9999 வரை போய் மறுபடியும் 0001இல் தொடங்கும், எத்தனை ரவுண்டு போனது என்று அதில் தெரியாது. மெனுவுக்குள் போய் யார் வேண்டுமானாலும் அதை முதலிலிருந்து தொடங்க வைக்கவும் முடியும். உண்மையான ஷட்டர் கவுண்டை டி700 தன் திரையில் எங்குமே காட்டாது. அது எடுக்கப்படும் ஒவ்வொரு படக்கோப்புக்கும் உள்ளே பதிவாகிறது. எக்ஸிஃப்டூல் போன்ற ஒரு மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால் எண் வரும்.

வாங்குவதற்கு முந்தைய வாரமே நான் ஒரு மாதிரிப் படம் அனுப்பச் சொல்லியிருந்தேன். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினார். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது உள்ளே இருக்கும் இந்த விவரங்கள் எல்லாம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பியிருந்தால், அல்லது மின்னஞ்சலில் வந்திருந்தால் எண் இருந்திருக்கும். தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று அப்போது யோசிக்கவில்லை. பல வருடமாக இதே வியாபாரம் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

கேமராவின் பிடி ரப்பர் புத்தம் புதிதாக இருந்தது. நல்லபடியாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். டி700இல் அதிகம் கைபட்டால் ரப்பர் உப்பிப் பிரிந்துவிடும். புதிய ரப்பர் ஒட்டியிருந்தால் அந்தப் பழைய ரப்பர் என்ன ஆனது என்று கேட்டிருக்க வேண்டும்.

பில்லில் “கேமரா, லென்ஸ் செட்” என்று மட்டும் எழுதி, சீரியல் எண் இல்லாமல் கொடுத்தார். கீழே “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று அச்சடித்திருந்தது. கிளம்பும் நேரத்தில், புது கேமரா என்ற ஆசையில் கல்லாவுக்கு முன்னால் அண்ணன் மகளை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். அந்த ஒரு படம் பிறகு எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அக்டோபர் முழுக்க என் படங்கள் வெளிறியே வந்தன. கறுப்பாக இருக்க வேண்டிய மரப்பட்டை சாம்பலாக இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே நின்ற பூவைச் சுற்றி ஒரு புகை. லாங்வுட் சோலையில் மழைக்காலத்தில் மூடுபனி இல்லாத நாள் குறைவு என்பதால் நான் பனியைத்தான் குறை சொன்னேன். ஒரு மாதத்துக்கு மேல் பனிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சின்னத் தூறலில் அரை மணி நேரம் எடுத்ததற்கே லென்ஸின் உள்கண்ணாடியில் ஆவி படிந்து, வடிய ஒரு நாள் ஆனது. நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. வீட்டு வாசலில் இருந்த செம்பருத்தியை எடுத்தேன். பனியே இல்லை, படம் மட்டும் அப்படியே வெளிறியிருந்தது.

எங்கள் ஊரில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கழற்றி, விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்தார். உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போயிருந்தன. “அக்கா, இது பங்கஸ், பூஞ்சை. ஒரு மாசத்துல வந்தது இல்ல. ஏற்கனவே ஒருத்தர் கழற்றித் துடைச்சிருக்காங்க, ஸ்க்ரூ தலை எல்லாம் தேஞ்சிருக்கு பாருங்க.” கண்ணாடியின் மேல்பூச்சையே அது தின்றுவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது என்றார். கடையில் டியூப்லைட்டுக்கு நேராக லென்ஸைப் பிடித்துக் காட்டினால் இது கண்ணில் படவே படாது.

டி700 படங்களை சிஎஃப் கார்டு என்ற பழைய வகை மெமரி கார்டில் பதிவு செய்யும். அந்தப் பெரிய கார்டைப் படிக்கும் ரீடர் என்னிடம் இல்லாததால், அதுவரை கேபிள் வழியாகப் படங்களை மட்டும் லேப்டாப்புக்கு மாற்றிவந்தேன், உள்ளே என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கவில்லை. தம்பியிடம் ரீடர் இருந்தது. கார்டில் இருந்த முதல் படம், கல்லா முன்னால் அண்ணன் மகள் நிற்பது. அதைத் திறந்தார்.

ஷட்டர் கவுண்ட் 2,31,486.

பதினெட்டாயிரம் என்று விற்றது இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம். வீட்டு உபயோகம் இல்லை, ஏதோ ஸ்டுடியோவில் வருடக்கணக்காகக் கல்யாணம் எடுத்த கேமரா. தம்பி அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பணத்துக்காக மட்டும் இல்லை. அந்த மழைக்காலமே போய்விட்டது, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு ஒரு நல்ல படம்கூட இல்லை.

கடைக்குப் போனேன். முதலில் சொன்னது: “மலை ஊருல வெச்சா பங்கஸ் வரத்தாங்க செய்யும். அது உங்க ஊர் ஈரம்.” ஈரம் அறுபது, எழுபது சதவீதத்துக்கு மேலேயே இருந்தால் பங்கஸ் வளரும் என்பது சரிதான். ஆனால் முதல் படத்திலேயே டியூப்லைட்டைச் சுற்றிப் புகை தெரிகிறது, அது உங்கள் கடையில் எடுத்தது என்றேன். அடுத்தது: “பில்லுல நம்பர் இல்லைங்களே. இது எங்க கடை கேமராதான்னு எப்படிங்க சொல்றீங்க?” அந்தக் கோப்பிலேயே தேதி இருக்கிறது, கேமராவின் சீரியல் எண் இருக்கிறது, ஷட்டர் கவுண்ட் இருக்கிறது, பின்னால் உங்கள் கல்லா இருக்கிறது என்று அச்சடித்த தாளை வைத்தேன். அதற்குப் பிறகு பேச்சு மாறியது. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிய பின், லென்ஸை வாங்கிக்கொண்டு 9,000 ரூபாய் கொடுத்தார்கள். பாடியைத் திரும்ப எடுக்கவே மாட்டோம் என்றார்கள். டிசம்பரில் அதன் மேல்திரையில் ‘எர்ர்’ (பிழை) என்று மின்னி ஷட்டர் நின்றுபோனது. மாற்றுவதற்குச் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய பாடியே வாங்கிவிடலாம்.

சட்டத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதையும் எழுதிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். அதனால் வாங்கிய வாரமே எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். நான் பனியைக் குறை சொல்லியே அந்த 30 நாளைக் கடத்திவிட்டேன். ஆனால் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும் அதே சட்டப்படி தவறு. அதற்குப் புகார் கொடுக்க இரண்டு வருடம் இருக்கிறது. கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். நான் ஊட்டியில் கொடுத்தேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. முதலில் யோசனை கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

டி700 மோசமான கேமரா என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தம்பியே இன்றும் ஒன்றை வைத்து மண்டபத்துக்குள் அருமையாக எடுக்கிறார். ஆனால் மழைக்குள், தரையோடு தரையாக வளரும் நகக்கண் அளவு பூவை எடுக்க, லென்ஸோடு சேர்ந்து ஒன்றரைக் கிலோ வரும் கேமராவை ஒரு கையிலும் குடையை ஒரு கையிலும் பிடிக்க முடியவில்லை. என் வேலைக்கு அந்தச் சின்ன கேமராதான் சரி. போன வருடம் டிஜி-5க்கு அடுத்த மாடலான டிஜி-6ஐப் புதிதாக, முழு பில்லோடு வாங்கினேன். சோலையிலிருந்து வந்ததும் குழாயடியில் காட்டிச் சேற்றைக் கழுவுகிறேன். அதையும் பழையதாக வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: பேட்டரி மூடியின் ரப்பரில் ஒரு முடி, ஒரு மணல் இருந்தாலே தண்ணீர் உள்ளே போகும். அந்த ரப்பரை வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லி ஒலிம்பஸே சொல்லியிருக்கிறது. பழைய கேமராவில் அதை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்காமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும் என்றால், உங்கள் சொந்த கார்டைக் கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன் கடைக்குள்ளேயே ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பை அங்கேயே திறந்து பாருங்கள். கூடவே ஒரு டார்ச். பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், அடுத்த பஸ் இருக்கிறது. இப்போது நானும் ஒரு சிஎஃப் கார்டு ரீடர் வாங்கி வைத்திருக்கிறேன். கோத்தகிரி, குன்னூர் பக்கத்திலிருந்து யாராவது பழைய நிக்கான் வாங்கக் கீழே இறங்குவதாக இருந்தால் சொல்லுங்கள், தருகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள்.