குதிரைகள் நடக்கும் சமதளக் காட்டுப்பாதைக்கு எந்தச் சைக்கிள்?

ஏற்ற இறக்கமே இல்லாத காட்டுப்பாதை என்று சொன்னதும் பலரும் கேட்பது, அதற்கு எதற்கு மவுண்டன் பைக் என்றுதான். 40, 50 கிலோமீட்டர் நீளம், இருபுறமும் மரங்கள், அகலமான மண் தடம். இதற்கு கிராவல் பைக் (ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும் கொஞ்சம் அகலமான டயரும் உள்ள மண் பாதை வண்டி) போதும் என்றுதான் நானும் நினைத்தேன், அதில்தான் ஒரு வருடம் ஓட்டவும் செய்தேன். ஆனால் அதே பாதையில் குதிரைகளும் போகின்றன என்ற ஒரு விஷயம் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடுகிறது. சைக்கிள் வாங்கும்போது அதை யாரும் யோசிப்பதில்லை.

சவாரிக் குதிரை ஒன்று சுமாராக 500 கிலோ இருக்கும். அதன்மேல் சேணம், ஆள். அவ்வளவு பாரமும் நான்கு குளம்புகளில்தான் இறங்குகிறது. மழை பெய்து மண் இளகிக் கிடக்கும்போது வைக்கிற ஒவ்வொரு அடியும் ஒரு குழி. அப்புறம் ரெண்டு மூணு நாள் வெயில் அடித்தால் அந்தக் குழிகள் அப்படியே இறுகி, விளிம்பு சுட்ட ஓடு மாதிரி நின்றுவிடும். தள்ளி நின்று பார்த்தால் பாதை தட்டையாகத்தான் தெரியும். வண்டியில் ஏறி மிதித்த பிறகுதான் பல் கிடுகிடுக்கும்.

கிராவல் பைக்கின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை 10 கிலோ சுற்றுவட்டத்தில், 40 முதல் 45 மி.மீ. டயர், காய்ந்து கெட்டிப்பட்ட மண்ணில் அதை மிஞ்ச மற்ற எந்த வண்டியாலும் முடியாது. வளைந்த ஹேண்டில்பாரில் கையை நாலைந்து விதமாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். சமதளத்தில் இது பெரிய வசதி, ஏனென்றால் இறக்கம் இல்லாததால் மிதிக்காமல் உருண்டுபோகும் ஓய்வு நமக்குக் கிடைப்பதே இல்லை, மூன்று மணி நேரமும் ஒரே இருப்புதான். ஆனால் குளம்புக் குழிகள் தொடங்கியதும் இதெல்லாம் எடுபடாது. எனக்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்குள் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் வெளி ஓரத்தில் போகிற நரம்பு அழுந்துவதால் வருவது அது. குதிரைகள் கிளறிவிட்ட மணல் திட்டு வந்தால் முன் சக்கரம் புதைந்து நேராகப் போக மறுக்கும்.

முன்னும் பின்னும் அதிர்ச்சி தாங்கி உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியைச் சமதளத்துக்கு எடுத்துப் போனால் வீண் என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இறக்கத்தில் நாம் எழுந்து நின்றுதான் ஓட்டுகிறோம், அப்போது முழங்கால்களே பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சமதளத்தில் முழு நேரமும் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம், பின் சக்கரம் வாங்குகிற ஒவ்வொரு அடியும் நேராக முதுகெலும்புக்குப் போகிறது. முதுகுவலி இருப்பவர்களுக்கு 120 மி.மீ. பின் சஸ்பென்ஷன் உண்மையிலேயே வரம். இதற்கு விலை என்னவென்றால் எடை 14, 15 கிலோவுக்குப் போய்விடும், மிதிக்கும்போது வண்டி மேலும் கீழும் ஆடும், அதைத் தடுக்க, சஸ்பென்ஷனை அசையாமல் பூட்டும் லாக்-அவுட்டைப் போட்டால் அந்த வசதியும் போய்விடும். சேற்றில் ஓட்டி வந்தால் இணைப்புகளில் இருக்கும் பேரிங்குகளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் தேர்வு ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக். 29 இன்ச் சக்கரம், முன்பக்கம் 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), 2.3 அல்லது 2.4 இன்ச் டியூப்லெஸ் டயர். ஆனால் குளம்புக் குழியில் வண்டியைக் காப்பாற்றுவது ஃபோர்க்கைவிட டயர் காற்றுதான், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். என் எடை 70 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்து ஓட்டியபோது கிராவல் பைக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்னே 20, பின்னே 22 என்று குறைத்த அன்றைக்கு அதே பாதை வேறு பாதை மாதிரி இருந்தது. டயரின் நடுப்பகுதியில் பல் தாழ்வாக இருக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். கரடுமுரடான பெரிய பல் வைத்த டயர் சமதளத்தில் மணிக்கணக்காக உங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். கியர் பற்றிக் கவலையே வேண்டாம், முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்னே 10 பல் என்றால் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 40 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கிவிடும், காட்டில் அதற்குமேல் தேவையில்லை.

4 இன்ச் டயர் போட்ட ஃபேட் பைக், பாதை முழுக்க மணலாக இருந்தால் மட்டும். ஐரோப்பாவில் மின்சார உதவி வண்டிகளின் மோட்டார் 25 கிலோமீட்டர் வேகத்தோடு உதவியை நிறுத்திவிடும், சமதளத்தில் அந்த வேகம் சீக்கிரமே வந்துவிடும், அதற்குமேல் அவ்வளவு எடையையும் நீங்கள்தான் இழுக்க வேண்டும்.

இப்போது குதிரைகள். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும், தெரியாத இடங்களில் முக்கியமானது வாலுக்கு நேர் பின்னால். சைக்கிளில் வருகிற நாம் சத்தமில்லாமல் வந்து சேர்வதும் சரியாக அங்கேதான். நடக்கிற குதிரை மணிக்கு 6 கிலோமீட்டர், நாம் 20, 25. இரையாக வாழ்ந்து பழகிய விலங்கு அது, மிரண்டால் முதலில் ஓடும், அப்புறம்தான் என்னவென்று பார்க்கும். விழுவது மேலே இருப்பவர்.

எனக்கு இது புரிந்தது ஒரு ஹப்பால், அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் அச்சுப் பகுதியால். ஒரு குதிரைக்குப் பின்னால் நல்ல பிள்ளையாக வேகத்தைக் குறைக்கலாம் என்று மிதிப்பதை நிறுத்தினேன். அதுவரை அமைதியாக இருந்த பின் ஹப், குளவிக்கூடு கலைந்த மாதிரி ர்ர்ர்ரென்று ஆரம்பித்தது. குதிரையின் இரண்டு காதும் பின்னால் திரும்பின, அடுத்த நொடி அது பக்கவாட்டில் ஒரு பாய்ச்சல். மேலே இருந்த பெண் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துத் தப்பித்துவிட்டார். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவ்வளவு பக்கத்தில் போயிருக்கவே கூடாது. இப்போதெல்லாம் 50 மீட்டர் தள்ளியே குரல் கொடுக்கிறேன், ஹப் கத்தாதபடி மெல்ல மிதித்துக்கொண்டே பிரேக்கைத் தொடுகிறேன், சவாரி செய்பவர் திரும்பிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நடை வேகத்தில், நன்றாக விலகி, தாண்டுகிறேன். பெல்லைவிட மனிதக் குரல் மேல். வருவது ஆள்தான் என்று அதற்குத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். குதிரை எதிரே வந்தால் இறங்கி, கூட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக நிற்க வேண்டும், மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கக் கூடாது.

வழிவிட வேண்டியது நாம்தான், இதில் சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தில் குதிரைத் தடங்களில் சைக்கிளை அனுமதித்த 1968-ஆம் ஆண்டுச் சட்டமே நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது.

இந்த விஷயத்திலும் நேர் ஹேண்டில்பார்தான் ஜெயிக்கிறது. கை எப்போதும் பிரேக்கின் பக்கத்திலேயே இருக்கும், பெல் கட்டை விரலுக்கு எட்டும். கிராவல் பைக்கில் சொகுசாக மேல் கம்பியைப் பிடித்துப் போகும்போது வளைவு திரும்பியதும் குதிரை நின்றால், கையை நகர்த்திப் பிரேக்கைத் தேட வேண்டும்.

தண்ணீர் பாட்டில் பற்றி ஒன்று. முன் சக்கரம் குதிரை லத்தியில் ஏறினால் அது தெறித்து நேராக ஃபிரேமில் இருக்கும் பாட்டிலின் வாயில்தான் போய் ஒட்டும், கவனிக்காமல் உறிஞ்சினால் வயிறு கெட்டுப்போகலாம். மூடி உள்ள பாட்டில் வாங்குங்கள், இல்லையென்றால் தண்ணீரை முதுகுப் பையில் வையுங்கள். முன்னால் ஒரு சின்ன மட்கார்டும் போடுங்கள்.

ஏற்கெனவே கிராவல் பைக் வைத்திருந்தால் விற்க வேண்டாம். ஃபிரேம் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு அகலமான டயரை டியூப்லெஸ்ஸாகப் போட்டு, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள், பெல்லை மேல் கம்பிக்கே நகர்த்துங்கள், மண் ஈரமாக இருக்கும் நாட்களில் வேறு பாதைக்குப் போங்கள்.