கண் ஸ்கேனா, மூளை ஸ்கேனா?
காலேஜ் பையனுக்குத் திடீரென்று யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கிறது என்றால், புதுச்சேரியில் பலர் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குத்தான் போவார்கள். நோயை முடிவு செய்வது மருத்துவர் உட்கார்ந்து பேசித்தான். எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன் எழுதினால், அது மூளையில் கட்டி, வீக்கம் இல்லை என்று உறுதிசெய்ய. தடதட சத்தத்தில் ஆடாமல் படுக்க வேண்டும். மிரண்டிருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாடு.

ஓ.சி.டி. (OCT) என்ற கண் ஸ்கேன் அப்படியில்லை. கண் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்கள் தாடையை வைத்து உட்காரும் அதே கருவி. ஊசி கிடையாது, சில நிமிடம். விழித்திரை மூளையோடு சேர்ந்தே உருவான நரம்புத் திசு. இப்படிக் குரல் கேட்க வைக்கும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் அதன் நரம்பிழை அடுக்கு சராசரியாகச் சற்று மெலிந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. சரி, ஆனால் சர்க்கரை நோய், கிட்டப்பார்வை இருந்தாலும் மெலியும். அதனால் கண் ஸ்கேன் இன்னும் ஆராய்ச்சிக் கருவிதான். பையனுக்கு இப்போது அதற்காகப் பணம் கட்டச் சொல்ல மாட்டேன்.