அகலமான டயரும் குறைந்த காற்றழுத்தமும்: சாலை மிதிவண்டியில் சில ஆண்டுகளின் அனுபவம்

சாலை மிதிவண்டியில் நான் செய்துகொண்ட மாற்றங்களில் நெடும்பயணத்தின் தன்மையையே மாற்றியது எது என்று கேட்டால், எடை குறைந்த சக்கரங்களையோ புதிய கியர் தொகுதியையோ சொல்ல மாட்டேன். 23 மி.மீ. டயரிலிருந்து 25-க்கும், பிறகு 28-க்கும், இப்போது 30-க்கும் வந்து சேர்ந்ததையும், ஒவ்வொரு படியிலும் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்ததையும்தான் சொல்வேன். வெயில், மழை, கரடான தார்ச் சாலை, வார இறுதிக் குழுப் பயணம், 200 கி.மீ., 300 கி.மீ. பிரெவெட் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம்) என எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாட்டையே சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். டயரின் அகலத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நம்மில் பலர் காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பயனில் பெரும்பகுதி அழுத்தத்தில்தான் இருக்கிறது என்பதும், அந்தக் குறைந்த அழுத்தத்தில் ஆபத்தில்லாமல் ஓட்டுவதற்கு இடம் கொடுப்பதே அகலமான டயரின் முதல் வேலை என்பதும் என் அனுபவம். 28 மி.மீ. டயரை மாட்டிவிட்டு, பழைய வழக்கப்படி 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) வரை காற்றடிப்பவருக்குக் கிடைப்பது கொஞ்சம் கூடுதல் எடை மட்டுமே.

டயரைக் கல்லைப் போல இறுக்கினால்தான் வண்டி வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருந்துவந்ததற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. தரையைத் தொடும் இடத்தில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி மீள்கிறது. அமுங்குவதற்குச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வராமல், ஒரு பகுதி ரப்பரிலும் அதற்குள் இருக்கும் நூல் அடுக்கிலும் வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. அழுத்தம் கூடினால் அமுங்கல் குறையும், ஆகவே இழப்பும் குறையும். வழவழப்பான உருளையின் மேல் டயரைச் சுழலவிட்டு அளந்தால் இந்தக் கணக்கு சரியாகவே வரும். ஆனால் சாலை உருளையைப் போன்றதன்று. ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் பரப்பில் இறுக்கமான டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்து மேலே தூக்கிப் போடுகிறது. அந்த அதிர்வை உள்வாங்கிக்கொள்வது நம் தசைகள்தான். முன்னோக்கிச் செல்ல வேண்டிய ஆற்றல் அங்கே வீணாகிறது. இதனால் ஒவ்வொரு வகைச் சாலைக்கும் ஓர் அழுத்த எல்லை இருக்கிறது. அதைத் தாண்டிக் காற்றடித்தால் வண்டி மெதுவாகிறது. சாலை மோசமாக மோசமாக அந்த எல்லை கீழே இறங்குகிறது.

ஒரே அழுத்தத்தில் குறுகிய டயரையும் அகலமான டயரையும் ஒப்பிட்டால், தரையைத் தொடும் பரப்பளவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், வடிவம்தான் வேறுபடும். குறுகிய டயரின் தொடுபரப்பு நீளவாக்கில் நீண்டும், அகலமானதன் தொடுபரப்பு குறுக்குவாக்கில் விரிந்தும் அமைவதால், அகலமான டயரின் பக்கச் சுவர் குறைவாகவே வளைகிறது. ஆகவே அழுத்தத்தை ஓரளவு குறைத்தாலும் உருளும் தடையில் பெரிய இழப்பு ஏற்படுவதில்லை. எண்ணால் பார்ப்போம்: வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால், உருளும் தடையின் கெழு (அந்தத் தடையின் அளவைக் குறிக்கும் எண்) 0.004-இலிருந்து 0.005-ஆக உயரும்போது கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 7 வாட். நல்ல டயருக்கும் தடித்த, விறைப்பான பயிற்சி டயருக்கும் இடையே இந்த அளவு வேறுபாடு எளிதாக வரும். எனவே அகலத்தைக் காட்டிலும் டயரின் துணி அடுக்கு எவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்பதற்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன். விறைப்பான 32-ஐ விட மிருதுவான 28 எனக்கு எப்போதும் இனிமையாக இருந்திருக்கிறது.

காற்றில்லாத அதிகாலைகளில், பழகிய ஒரே பாதையில், மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் பவர் மீட்டரில் ஏறத்தாழ ஒரே அளவைப் பிடித்துக்கொண்டு இரண்டு அகலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். புதிதாகப் போட்ட வழவழப்பான சாலையில் சொல்லும்படியான வேறுபாடு எனக்குத் தென்படவில்லை. சொரசொரப்பான பகுதியில் அகலமான டயர் தெளிவாக முந்தியது. முதல் சில வாரங்கள் மட்டும் வண்டி மந்தமாகப் போவது போன்ற உணர்வு இருந்துகொண்டே இருந்தது. ஹேண்டில்பாரில் எழும் நுண்ணிய அதிர்வை மனம் வேகம் என்று எடுத்துக்கொண்டு பழகிவிட்டதால், அதிர்வு அடங்கியதும் வேகமும் குறைந்ததாகத் தோன்றுகிறது. புதிதாக மாறுபவர்கள் அந்த வாரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். பலர் அந்தக் கட்டத்திலேயே பழைய அழுத்தத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

நெடுந்தூரத்தில்தான் இதன் அருமை முழுதாகத் தெரிகிறது. 200 கி.மீ. பிரெவெட்டுக்குப் பதின்மூன்றரை மணி நேரமும், 300 கி.மீ. பிரெவெட்டுக்கு 20 மணி நேரமும் தரப்படுகின்றன. உச்ச வேகத்தைக் காட்டிலும், கடைசி ஐம்பது கிலோமீட்டரில் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதே இவற்றை முடிப்பதைத் தீர்மானிக்கிறது. குறுகிய டயரில் ஓட்டிய காலத்தில் நூறு கிலோமீட்டரைத் தாண்டியதும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது எனக்கு வழக்கமாக இருந்தது. மணிக்கட்டின் ஓரமாகச் செல்லும் நரம்பு நீண்ட நேரம் அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் உள்ளாவதால் இப்படி ஏற்படுகிறது. கைப்பிடி நாடாவைத் தடிமனாக்கியும் கையுறையை மாற்றியும் கிடைக்காத நிவாரணம், முன் டயரின் அழுத்தத்தை இறக்கியபோது கிடைத்தது. கழுத்து, தோள் வலியும் கணிசமாகக் குறைந்தது. மறுநாள் எழுந்திருக்கும்போது உடல் எப்படி இருக்கிறது என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆனாலும் தொடர்ந்து ஓட்டுபவர்கள் எல்லோரும் இந்த வேறுபாட்டை உடனே உணர்ந்துகொள்வார்கள். இருக்கை உயரமும் ஹேண்டில்பாரின் எட்டமும் தவறாக இருந்தால் டயர் எதையும் சரிசெய்யாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு காற்று என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒற்றை எண்ணை விடையாகத் தருவது நியாயமில்லை. எடை, டயரின் உண்மையான அகலம், சாலை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. எங்கள் குழுவில் மிகவும் இலகுவான உடல்வாகு கொண்ட ஒருவர், மற்றவர்களைப் பார்த்து 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டிவந்தார். 70-க்கு அருகே இறக்கியதும், இறக்கத்தில் வண்டி துள்ளுவது நின்றுவிட்டதாக அவர் சொன்னார். அதே குழுவில் கனத்த உடல்வாகு கொண்ட இன்னொருவர் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார். பள்ளத்தில் ரிம் இடித்து, டியூபில் பாம்புக் கடி போல இரட்டைத் துளை விழுந்தது. ஒருவருடைய எண் மற்றவருக்கு எண்ணே அன்று. சக்கரத்தின் மீது எடை ஏறும்போது டயரின் உயரத்தில் சுமார் 15 விழுக்காடு அமுங்க வேண்டும் என்பது ஃபிராங்க் பெர்ட்டோ என்பவரின் ஆய்வின் வழியாகப் பரவலான ஓர் அளவுகோல். தொடக்கப் புள்ளியாக அது இன்றும் உதவுகிறது. சாலை வண்டியில் பின் சக்கரத்தின் மீது கூடுதல் எடை விழுவதால், முன் டயரில் எப்போதும் சற்றுக் குறைவாகவே காற்று இருக்க வேண்டும்.

என் வழிமுறை எளியது. தொடக்க எண்ணிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. இறக்கிக்கொண்டே வந்து, வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிவது போலவோ, எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டி அலைவது போலவோ தோன்றியதும் நிறுத்தி, அங்கிருந்து ஒரு படி மேலே ஏற்றி, அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டேன். இப்படித்தான் என் 30 மி.மீ. டயரில் முன்னால் 56, பின்னால் 60 என்ற அளவு அமைந்தது. வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்ந்து என் மொத்த எடை சுமார் 86 கிலோ. இந்த முறைக்கு நம்பகமான அளவுமானி கட்டாயம் வேண்டும். தரையில் நிறுத்தி அடிக்கும் பம்புகளின் முள் ஒன்றுக்கொன்று கணிசமாக மாறுபடுகிறது, 120 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டிய காலத்தில் ஐந்து பி.எஸ்.ஐ. பிழை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை, 56-இல் அது நன்றாகவே தெரிகிறது. புதிய டயர் வாங்கும் முன் தனியான டிஜிட்டல் அளவுமானி ஒன்றை வாங்குங்கள் என்று நண்பர்களிடம் சொல்வதே என் வழக்கமாகிவிட்டது. வெப்பநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 60 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் டயர் பத்து டிகிரி செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ இரண்டரை பி.எஸ்.ஐ. கூடும், குளிர்ந்த விடியலில் புறப்பட்டு நண்பகல் சாலையில் ஓட்டும் நாள்களில் இந்த வேறுபாடு கைக்குத் தெரிகிறது.

மழையிலும் இறக்கத்திலும் அகலமான டயர் தரும் பிடிமானம் மனத்துக்குப் பெரிய தெம்பு. சாலை டயரில் பள்ளம் பள்ளமாக வடிவம் செதுக்கியிருந்தால்தான் ஈரத்தில் வழுக்காது என்று சிலர் கருதுகிறார்கள். மிதிவண்டியின் வேகத்தில், இவ்வளவு குறுகலான வட்டவடிவ டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்க வாய்ப்பே இல்லை. பிடிமானத்தைத் தருவது ரப்பரின் தன்மையும் அழுத்தமும்தான்.

டியூப் இல்லாமல், டயருக்குள் சீலன்ட் என்ற அடைப்புத் திரவத்தை ஊற்றி ஓட்டும் டியூப்லெஸ் முறையைப் பற்றி என் கருத்து கலவையானது. முள், கண்ணாடித் துகள் போன்றவற்றால் விழும் சிறு துளைகளைச் சீலன்ட் தானாகவே அடைத்துவிடுகிறது. பயணம் முடிந்து டயரைத் துடைக்கும்போதுதான் பஞ்சர் ஆனதே தெரியவருகிறது. அழுத்தம் அதிகமாக இருந்தால் சீலன்ட் துளையில் தங்காமல் பீய்ச்சி வெளியேறிவிடுகிறது என்பதால், இந்த முறையும் அகலமான டயரும் ஒன்றுக்கொன்று துணையாக அமைகின்றன. இதற்குக் கொடுக்க வேண்டிய விலை பராமரிப்பு. டயர் ஒன்றுக்கு 40 முதல் 50 மி.லி. ஊற்றினாலும் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். வெப்பமான காலத்தில் இன்னும் விரைவாகக் காயும். வால்வின் உள்பகுதியைக் கழற்றி அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். பெரிய வெட்டு விழுந்தால் வழியிலேயே டியூபைப் போட வேண்டியிருப்பதால், உதிரி டியூபை வீட்டில் விட்டுச் செல்ல முடியாது. போடும் முன் டயரின் உட்புறத்தைத் தடவி, சீலன்ட் அடைத்து வைத்திருந்த பழைய முள்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத (ஹுக்லெஸ்) ரிம் வைத்திருப்பவர்கள் 5 பார், அதாவது சுமார் 72.5 பி.எஸ்.ஐ. என்ற மேல் வரம்பை மீறக் கூடாது. தங்கள் டயர் அந்த ரிம்முக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் அறிவித்திருக்கிறாரா என்பதையும் பார்த்தாக வேண்டும். இது உயிர் தொடர்பான செய்தி.

வாரம் ஒரு முறை மட்டும் ஓட்டுபவர்களுக்கு டி.பி.யூ. (மெல்லிய பிளாஸ்டிக் வகை) டியூபே போதும் என்று நினைக்கிறேன். வழக்கமான பியூட்டைல் (செயற்கை ரப்பர்) டியூப் 100 கிராம் அளவுக்கு இருக்கும். டி.பி.யூ. டியூப் அதில் பாதிகூட இல்லை, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ரிம்மையே அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் வண்டியில் நீண்ட மலை இறக்கங்களில் ரிம் மிகவும் சூடாகும் என்பதால், அத்தகைய பயன்பாட்டுக்குத் தயாரிப்பாளர் ஒப்புதல் தந்த வகையை மட்டுமே போட வேண்டும்.

எடை கூடுமே என்ற கவலையை ஒரே கணக்கில் தீர்த்துவிடலாம். இரண்டு டயரும் சேர்ந்து 100 கிராம் கூடினால், மொத்தம் 85 கிலோ எடையில், ஒரு மணி நேர மலையேற்றத்தில் கூடுவது சுமார் நான்கு நொடி. காற்றுத் தடையின் கணக்கு இதைவிட நுட்பமானது. ரிம்மின் வெளி அகலம் டயரின் அகலத்தை விடக் குறைந்தது 5 விழுக்காடாவது கூடுதலாக இருந்தால்தான் காற்று ஒழுங்காக வழிந்து செல்லும் என்பது சக்கரம் வடிவமைப்பவர்களின் பழைய விதி, 30 மி.மீ. டயருக்கு அப்படிப் பார்த்தால் முப்பத்தொன்றரை மி.மீ. அகல ரிம் வேண்டும். நேரப் போட்டியில் ஓட்டுபவருக்கு இது முக்கியம். மணிக்கு 27, 28 கி.மீ. சராசரியில் செல்லும் நமக்கு, முழங்கையை மடித்து உடலைத் தாழ்த்துவதால் கிடைக்கும் பலன் இதை விடப் பன்மடங்கு பெரிது.

1896-இல் தொடங்கிய பாரிஸ்–ரூபே போட்டியில் கல் பாவிய சாலை மட்டும் 50 கி.மீ.க்கு மேல் வருவதால், அங்கே அகலமான டயரின் தேவையை வீரர்கள் எப்போதோ உணர்ந்திருந்தார்கள். சாதாரணச் சாலைப் போட்டிகளுக்கு அந்தப் பழக்கம் வர நாளாயிற்று. சர்வதேச மிதிவண்டிச் சங்கம் 2018-இல் சாலைப் போட்டிகளில் டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்ததும் இதற்கு வழிவிட்டது. ரிம் பிரேக்கின் கைகளுக்குள் டயரை அடக்க வேண்டிய கட்டாயம் அதோடு மறைந்தது.

வாங்கும் முன் இடைவெளியை அளந்து பாருங்கள். டயரில் அச்சிட்ட அகலமும் மாட்டிய பிறகு இருக்கும் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரிம்மின் உள் அகலம் கூடக் கூட டயரும் விரிகிறது. என் 30 மி.மீ. டயர் மாட்டிய சில நாள்களில் 31-ஐத் தாண்டிவிட்டது. ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையே போதிய இடமில்லாவிட்டால், டயரில் ஒட்டும் மணலே கார்பன் ஃபிரேமை அரித்துவிடும். தேய்மானத்தில் பின் டயர் முன் டயரை விட மிக விரைவாகத் தேய்ந்து நடுவில் தட்டையாகிறது. அப்போது முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுகிறேன். வளைவில் முன் டயர் வழுக்கினால் சமாளிக்க நேரமிருக்காது என்பதால், நல்ல ரப்பர் எப்போதும் முன்னால்தான் இருக்க வேண்டும்.

25 மி.மீ.க்கு மேல் இடம் கொடுக்காத பழைய ஃபிரேம் வைத்திருப்பவர்கள் இதற்காகப் புதிய வண்டி வாங்கத் தேவையில்லை. மிருதுவான துணி அடுக்குள்ள 25 மி.மீ. டயரும், அதற்குள் லேடெக்ஸ் (மெல்லிய இயற்கை ரப்பர்) டியூபும் போட்டு, டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டுள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கிப் பார்க்கலாம். லேடெக்ஸில் ஒரே நாளில் கணிசமாகக் காற்று இறங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் அளவுமானியை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.