லெட்டர்பிரஸ் என்று சொல்லி டிஜிட்டல் பத்திரிகையைத் தலையில் கட்டிவிட்டார்கள்

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறீர்களா? 'பழைய லெட்டர்பிரஸ்ஸில் அடித்துத் தருகிறோம்' என்று யாராவது சொல்லியிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். லெட்டர்பிரஸ் என்றால் மேடான எழுத்தில் மை தடவித் தாளில் அழுத்தி அடிக்கிற பழைய முறை. 400 பத்திரிகைக்கு 34,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா பாட்டியின் கல்யாணப் பத்திரிகை ஒன்று வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 1956ல் திருவண்ணாமலையில் அடித்தது. தாள் பழுப்பேறிவிட்டது, எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. விரலால் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் பள்ளமாகத் தட்டுப்படும். மேலே 'விநாயகர் துணை', கீழே ஊர்ப் பெயரில் தும்பிக்கை தூக்கிய பழைய லை. தங்கைக்கு இதே மாதிரிதான் வேண்டுமாம்.

முதலில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் இரண்டு நாள் அலைந்தேன். ஆப்செட் இருக்கு, ஸ்க்ரீன் பிரிண்டிங் இருக்கு, டிரெடிலை (லெட்டர்பிரஸ் அடிக்கும் பழைய மெஷின்) எடைக்குப் போட்டு வருஷக்கணக்காச்சு என்று கடைக்குக் கடை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் நேர்மையானவர்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் இன்ஸ்டாகிராமில் ஒரு ஸ்டுடியோ கண்ணில் பட்டது. பெயர் வேண்டாம். வாசலில் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஒரு டிரெடில் மெஷின், மேலே மஞ்சள் விளக்கு. நானும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். உரிமையாளர் விவரமாகப் பேசினார். இப்போது ஈய எழுத்து கோர்ப்பதில்லை, கம்ப்யூட்டரில் டிசைன் செய்து பாலிமர் பிளேட் (எழுத்து மேடாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு) எடுப்போம், அதை டிரெடிலில் மாட்டி கெட்டியான காட்டன் பேப்பரில் அழுத்துவோம், கவரும் மண்டபத்து மேப்பும் மட்டும் டிஜிட்டல் என்றார். முறை சரிதான். இன்றைக்கு லெட்டர்பிரஸ் வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அவர் காட்டிய சாம்பிளும் அசல்தான். ஒன்றுக்கு 85 ரூபாய், அறுபது சதவீதம் அட்வான்ஸ்.

புரூஃப் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வந்தது. மெஷினில் ஒன்று அடித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். "ஒரு கார்டுக்காக மெஷின் ஏத்த முடியாது சார்" என்றார். அதில் பாதி நியாயம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு 18 நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. அரக்கு நிற எழுத்து, பிள்ளையார் வரியிலும் மணமக்கள் பெயரிலும் நல்ல பள்ளம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பத்திரிகையை அண்ணாமலையார் கோயிலில் வைத்துவிட்டுப் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அவர் முப்பது வருஷம் அச்சுக் கோர்த்தவர். பத்திரிகையை வாங்கிக் கட்டை விரலால் ஒரு தடவு தடவினார்.

"இதை டிரெடில்ல அடிச்சதுன்னு எவன்டா சொன்னது?"

பெயர் வரியில் எழுத்து ஓரிடத்தில், பள்ளம் அதற்கு ஒரு மயிரிழை தள்ளி. லெட்டர்பிரஸ்ஸில் மையும் அழுத்தமும் ஒரே எழுத்திலிருந்து ஒரே அடியில் விழுகின்றன, ஒன்றைவிட்டு ஒன்று விலக வழியே இல்லை. விலகியிருக்கிறது என்றால் முதலில் டிஜிட்டலில் அடித்துவிட்டு, அந்த இரண்டு வரிக்கு மட்டும் அப்புறமாக மை இல்லாத மேடெழுத்து பிளாக் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். மற்ற வரியெல்லாம் மொழுக்கென்று இருந்தன. மடிப்பில் டோனர், அதாவது டிஜிட்டல் மெஷினின் மைப்பொடி, வெடித்து வெள்ளைக் கோடு. தெருமுனை நகைப் பட்டறையில் லென்ஸ் வாங்கிப் பார்த்தபோது அரக்கு நிறம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. டிஜிட்டலில்தான் பல நிறப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு நிறம் காட்டுவார்கள். கலந்து அரைத்த ஒரே மையில் அடித்திருந்தால் புள்ளிக்கு அங்கே என்ன வேலை?

அதோடு விடவில்லை பெரியப்பா. 'அண்ணாமலை'யைக் காட்டி, "லை பழசு, ணா புதுசு. பேன்ட்டுக்கு மேல பஞ்சகச்சம் கட்டின மாதிரி இருக்கு" என்றார். 1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. இவர்கள் கண்ணில் படுகிற ணை, லை இரண்டை மட்டும் பழசாக்கிவிட்டு மற்றதைத் தொடவே இல்லை. பிடிஎஃப்பில் நான் கவனித்திருக்க வேண்டியது. அது என் தப்புதான்.

கடைசியாக அந்த மெஷின் போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார். அதில் ரோலரே இல்லை. ரோலர் இல்லாமல் எழுத்தில் மை எப்படி ஏறும்? அது வெறும் ஷோகேஸ் பொம்மை.

கடைக்குப் போன் செய்தால், "பாலிமர்ல அப்படித்தான் சார் வரும்" என்றார். பெரியப்பா போனை வாங்கி இரண்டு கேள்வி கேட்டதும், "முக்கியமான லைன் மட்டும்தான் லெட்டர்பிரஸ்னு அன்னைக்கே சொன்னேனே" என்று மாறிவிட்டது. பில்லைப் பார்த்தேன். 'இன்விடேஷன் கார்டு 400', அவ்வளவுதான். லெட்டர்பிரஸ் என்ற சொல்லே இல்லை, காட்டன் பேப்பரும் இல்லை. எல்லாமே வாய்ப்பேச்சு. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், இழுபறிக்கு அப்புறம் 6,000 ரூபாய் திரும்பி வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் எழுத்துமூலமாக எதுவும் கையில் இல்லாமல் எதைக் கொண்டு போய்க் காட்டுவது?

டிஜிட்டலில் அடித்தது குற்றமில்லை. டிஜிட்டல் என்று சொல்லி அதற்குரிய விலையை வாங்கியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நீங்கள் கொடுக்கிறதாக இருந்தால், எந்த வரி எந்த முறையில், என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எடைக் கணக்கு) என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மெஷின் ஓடுவதை நேரில் பாருங்கள். காசு அதிகமானாலும் அந்தத் தாளிலேயே அடித்த ஒரு புரூஃப் கேளுங்கள்.

வேறு அடிக்க நாள் இல்லை, அதையே மஞ்சள் தடவி எல்லோருக்கும் கொடுத்தோம். போன வாரம் பார்த்தால், அந்த ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் என் தங்கை பத்திரிகையை வைத்தே 'நூறு சதவீதம் லெட்டர்பிரஸ்' என்று வீடியோ போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி கமென்ட் போட்டேன். என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.