மனச்சோர்வுக்கு மாத்திரை: அரசு ஓ.பி.யா, தனியார் மருத்துவமனையா?

எங்கள் அத்தைக்கு மனச்சோர்வு என்று தெரிந்தபோது முதலில் காட்டியது ஒரு தனியார் மனநல மருத்துவமனையில். சில மாதம் கழித்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாறிவிட்டோம். இப்போதும் அங்கேதான். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். தனியாரில் நேரம் வாங்கிக்கொண்டு போகலாம், உட்கார நல்ல நாற்காலி இருக்கும், தெரிந்த முகம் எதிரே வராது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கேலி பேசியே பழகிய ஊரில் இந்தக் கடைசி வசதியைச் சின்னதாக நினைக்க முடியாது. அரசில் காசு கிடையாது, ஆனால் காலையில் போனால் மத்தியானம் ஆகிவிடும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் போச்சு. இலவசம் என்று சொல்லும்போது அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து? இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளும் வழக்கொழிந்து போகவில்லை. உடம்பு வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இன்னும் எழுதுகிறார்கள். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். தனியாரில் தேர்வு இன்னும் விரியும். மிர்டசபின், வென்லாஃபாக்ஸின், விலை கூடிய புது மருந்துகள் என்று போகலாம். ஆனால் முதல் மருந்தாக அவை தேவைப்படுவது குறைவு.

வித்தியாசம் எழுதும் விதத்தில் இருந்தது. தனியாரில் அத்தைக்குக் கொடுத்தது எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராமும் குளோனசெபாம் 0.5 மில்லிகிராமும் கலந்த ஒற்றை மாத்திரை. நம் நாட்டு மெடிக்கல் ஷாப்களில் சாதாரணமாகக் கிடைக்கும் கலவைதான். காரணமும் நியாயமானதே. மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட. முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரும், பலன் மட்டும் வராது. அந்த இடைவெளியைத் தாண்டத்தான் தூக்கத்துக்குக் குளோனசெபாம். ஆனால் எஸ்சிட்டலோப்ராம் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியது, குளோனசெபாம் சில வாரத்தில் நிறுத்த வேண்டியது, விட்டால் பழகிப்போகும். இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்துவிட்டால் ஒன்றை மட்டும் எப்படிக் குறைப்பது?

அரசில் எங்களுக்கு இரண்டும் தனித்தனி அட்டையாக வந்தன. குளோனசெபாமை முதலில் பாதியாக்கினார்கள், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இல்லை. எஸ்சிட்டலோப்ராம் அப்படியே தொடர்ந்தது. வயதானவர்களுக்கு அதைப் பொதுவாக 10 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

தனியாருக்கு ஒரு பாராட்டு வைத்தே ஆக வேண்டும். முதல் நாளே தைராய்டும் சோடியமும் பார்க்க எழுதிக்கொடுத்தார் அந்த மருத்துவர். வயதானவர்களுக்கு இந்த மருந்துகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அத்தை அந்த ரகம். தலைசுற்றலும் குழப்பமும் வந்தால் வயசு என்று விட்டுவிடக் கூடாது.

இனி, நான் மாறியதற்கான காரணத்துக்கு வருகிறேன். அது காசு இல்லை, மறுபடி போக வேண்டிய கட்டாயம்.

அரசில் மாத்திரை பதினைந்து நாளைக்கோ ஒரு மாதத்துக்கோதான் தருவார்கள். தீர்ந்தால் ஓ.பி. நோட்டோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். எல்லோரும் திட்டுவது இதைத்தான். எனக்கு இதுதான் அந்த இடத்தின் பெரிய பலமாகத் தெரிகிறது. வரிசையில் நின்றால் மருத்துவரைப் பார்க்காமல் கவுண்டருக்குப் போக முடியாது. பார்த்தால் அவர் கேட்பார்: "நைட் தூக்கம் எப்படிம்மா இருக்கு? சாப்பாடு இறங்குதா? வாழ்ந்து என்னன்னு தோணுதா?" இன்னொரு கேள்வியும் வரும்: தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு எப்போதாவது இருந்ததுண்டா? சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது மறுமுனைக்குத் தள்ளிவிடலாம், அதற்காகத்தான். அத்தை ஒருமுறை, "செலவு பண்ண காசு எங்கம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டார். அங்கே மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர் சிரித்துக்கொண்டே நோட்டில் 'இல்லை' என்று எழுதினார்.

தனியாரில் "அடுத்த மாசம் வாங்க" என்றுதான் சொல்வார்கள். போகிறவர் போவார். மற்றவர்கள் பழைய சீட்டைத் தெருமுனை மெடிக்கலில் நீட்டுவார்கள், அவர்களும் அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வருடக்கணக்காக அப்படியே தூக்க மாத்திரை விழுங்குகிறவர்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். இன்னொரு வகை, கொஞ்சம் தேறியதும் "எதுக்குத் தண்டம்" என்று நிறுத்திவிடுகிறவர்கள். தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும், திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இரண்டு வருடம் என்பதுதான் வழக்கம். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். பராக்ஸெடினிலும் வென்லாஃபாக்ஸினிலும் இது அதிகம், உடம்பில் வெகுநாள் தங்கும் ஃப்ளூவாக்ஸெடினில் குறைவு.

அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில் முதல் மருந்திலேயே முழுமையாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதிப் பேருக்கு அளவைக் கூட்ட வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும், இல்லை இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். முதல் சீட்டு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அப்படியிருக்க, இரண்டாவது, மூன்றாவது தடவை போவதை உறுதிசெய்கிற இடம்தானே நல்ல இடம்? கொஞ்ச நாளைக்கு மட்டும் மாத்திரை கொடுப்பதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அமிட்ரிப்டிலின் மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில் மூன்று மாத மருந்து கிடக்கக் கூடாது.

குறையும் சொல்கிறேன். அரசில் ஒவ்வொரு தடவையும் வேறு மருத்துவர். அத்தை ஆதியோடு அந்தமாகக் கதையைத் தொடங்க வேண்டியிருக்கும், பாதியில் சலித்து "நல்லா இருக்கேன்" என்று எழுந்துவிடுவார். நான் பக்கத்தில் இருந்தால்தான் மீதி வரும். ஒருமுறை ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைத்தது. உட்கார்ந்து பேச நேரம் என்பது அங்கே கிடையவே கிடையாது. பேச்சு சிகிச்சை வேண்டுமானால் பெரும்பாலும் தனியார்தான்.

கல்லூரிப் பிள்ளைகள் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை போட்டிருக்கிறது. அந்த வாரங்களில் ஒரே மருத்துவர் அடிக்கடி பார்ப்பது நல்லது, ராத்திரி போன் செய்தால் எடுக்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. அது தனியாரில் கிடைத்தால் தயங்காமல் போகலாம். நடுராத்திரியில் யாருமே கிடைக்காவிட்டால் 14416 இருக்கிறது, 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ், தமிழிலும் பேசுவார்கள்.

வார்டில் சேர்ப்பது பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதனால் ஒப்பிடவில்லை. 2017 மனநலச் சட்டம் இரண்டு இடத்துக்கும் பொது. தானாக வந்து சேர்ந்தவரிடம் சம்மதம் கேட்டுத்தான் சிகிச்சை, மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை (ஷாக் ட்ரீட்மென்ட்) கொடுக்கக் கூடாது, மற்ற நோய்களுக்குத் தருவதுபோல மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். தனியாரில் சேர்ப்பவர்கள் அந்தக் கடைசி விதியைப் பாலிசியோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறுவதாக இருந்தால் பழைய அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் நெக்ஸிட்டோ என்று வாங்கியதும் அரசுக் கவுண்டரில் எஸ்சிட்டலோப்ராம் என்று தருவதும் ஒரே மருந்துதான். பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட வாய்ப்புண்டு, அதுவும் கண் மங்கலாக இருக்கும் வயதில். நாங்கள் மாறிய அன்று அந்தக் கவுண்டரிலேயே பழைய அட்டையைக் காட்டி, எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று பேனாவால் குறித்து வாங்கிக்கொண்டோம்.