ஃப்ரிட்ஜ் வடிகுழாய் அடைப்பு: வெந்நீரா, ஒயரா, காற்றா, மெக்கானிக்கா?

காய்கறி ட்ரேயை இழுத்தால் அடியில் தண்ணீர். துடைத்துவிட்டால் மறுநாள் மறுபடியும் அதே. எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜில் ஒன்றரை மாதம் இந்தக் கதைதான். அம்மா காலையில் ஒரு பழைய துண்டை மடித்து அங்கே வைப்பார், ராத்திரி அதைப் பிழிந்து காயப்போடுவார். பார்க்க வந்த மெக்கானிக், கேஸ் இறங்கிவிட்டது, நிரப்ப வேண்டும் என்றார். கேஸ் இறங்கினால் குளிர்ச்சி குறையும். பால் நன்றாக இருக்கிறது, ஐஸ் ஒழுங்காக உறைகிறது, ஆனால் உள்ளே தண்ணீர் மட்டும் தேங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது வடிகுழாயைத்தான்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரின் பின்பலகைக்கு உள்ளே குளிர்க்குழாய்ச் சுருள் இருக்கிறது. அதில் படியும் பனியை, ஒரு நாளில் சில முறை, அடியில் இருக்கும் ஹீட்டர் உருக்கிவிடும். உருகிய தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் விழுந்து, நடுவில் உள்ள ஓட்டை வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கும் ட்ரேயில் சேர்ந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிப் போகும். வழி அடைத்தால் தண்ணீர் ஃப்ரீசர் தரையில் பாளமாக உறையும், மிச்சம் கீழே காய்கறிப் பக்கம் வழியும்.

எதை வைத்து எடுக்கலாம் என்பதற்கு முன்னால் ஒரு விஷயம்: அடைத்திருப்பது ஐஸா, அழுக்கா? மேலே ஓட்டையருகில் பெரும்பாலும் ஐஸ். கீழே குழாய் முடியும் இடத்தில் சில மாடல்களில் ஒரு ரப்பர் வாய் இருக்கும், அதில் வழவழவென்று பாசி மாதிரி அழுக்கு சேரும். பல நேரம் கீழே அழுக்கு அடைத்ததால்தான் மேலே தண்ணீர் நின்று உறைகிறது. ஐஸை மட்டும் உருக்கிவிட்டு மூடினால் பத்து நாளில் திரும்ப வரும், இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பலர் முதலில் செய்வது ஃப்ரிட்ஜை ஒரு நாள் முழுக்க அணைத்துக் கதவைத் திறந்து வைப்பது. செலவில்லை, எதையும் கழற்ற வேண்டியதில்லை, எதுவும் உடையாது. ஐஸ் மட்டும் என்றால் இதுவே போதும். ஆனால் அழுக்கு அப்படியே இருக்கும், இட்லி மாவையும் பாலையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும், ஒரு பாளம் முழுதாக உருக 24 மணி நேரம்கூட ஆகலாம்.

என் ஓட்டு வெந்நீருக்குத்தான், அதுவும் சிரிஞ்ச் வைத்து. மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச், ஊசி வேண்டாம். கூடவே மீன் தொட்டிக்கு விற்கும் மெல்லிய ஏர் ட்யூப் ஒரு முழம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரீசரைக் காலி செய்து, பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றுங்கள். பலகை வரவில்லை என்றால் ஐஸ் பிடித்திருக்கிறது, வலுவாக இழுக்காதீர்கள், விரிசல் விடும். கொஞ்சம் நேரம் கதவைத் திறந்து வைத்தாலே தளரும். சில மாடல்களில் ஃபேன் ஒயர் பலகையோடு வரும், அதைப் பார்த்துக் கழற்றுங்கள். ட்யூபின் நுனியை ஓட்டையில் விட்டு, தட்டும் வரை இறக்கி, சூடான நீரை மெல்லச் செலுத்துங்கள். கொதிக்கும் நீர் கூடாது, பிளாஸ்டிக் வளையும். ஐஸ் உருக உருக ட்யூப் தானாக அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று உள்ளே இறங்கும். எங்கள் வீட்டில் ஏழாவது சிரிஞ்சில் திடீரென்று களக் என்றொரு சத்தம், வாய்க்காலில் நின்ற தண்ணீர் முழுக்கச் சுழித்துக்கொண்டு உள்ளே போனது. வெறுமனே மேலிருந்து வெந்நீர் ஊற்றுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஊற்றினால் சூடு மேலேயே ஆறிவிடும், ட்யூப் வைத்தால் சூடு ஐஸின் முகத்திலேயே படும். பின் ட்ரே சின்னது, நிறைய நீர் விட்டால் வழியும், அதனால் அடியில் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒயர். அழுக்குக்கு இதுதான் சரி, ஐஸுக்கு இல்லை. ஜன்னல் திரை மாட்டும் ஸ்பிரிங் ஒயர், மேலே பிளாஸ்டிக் உறை போட்டது, அழகாக வளைந்து போகும். நுனியில் கொக்கி இருந்தால் கழற்றிவிடுங்கள். கம்பி, ஸ்க்ரூடிரைவர், கத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். சுருளில் ஒரு குத்து விழுந்தால் கேஸ் போய்விடும், இன்றைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ தீப்பிடிக்கக்கூடிய வாயு வேறு. சிங்கிள் டோர் வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், ஐஸைக் கத்தியால் குத்தி ஃப்ரீசர் பெட்டி ஓட்டையாகி, ஃப்ரிட்ஜையே தூக்கிப் போட்ட வீடுகள் ஏராளம். சிங்கிள் டோரில் பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும், பிறகு ஃப்ரீசருக்கு அடியில் பின்பக்கம் இருக்கும் ஓட்டையைச் சுத்தம் செய்யலாம்.

காற்று அடிப்பதைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள், சைக்கிள் பம்ப் முதல் கம்ப்ரசர் வரை. வாயால் ஊதிப் பார்ப்பது வரை சரி. அதற்கு மேல் எனக்குச் சம்மதமில்லை: அழுத்தத்தில் குழாய் இணைப்பு ஃப்ரிட்ஜ் சுவருக்குள் கழன்றால், குளிர் போகாமல் இருக்க அங்கே அடைத்திருக்கும் நுரைக்குள் தண்ணீர் இறங்கும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஹேர் ட்ரையரும் அப்படித்தான், ஈரமும் கரண்ட்டும் ஒரே இடத்தில், பிளாஸ்டிக்கும் உருகும். வினிகர், சோடா உப்பு நாற்றத்தைக் குறைக்கலாம், அடைப்பை எடுக்காது. உப்பு போடவே கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும்.

எதைச் செய்தாலும் கடைசியில் பின்னால் போய் அந்த ரப்பர் வாயைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். எங்களுடையதில் கறுப்பாக, ஜவ்வு மாதிரி ஒரு உருண்டை வந்தது. ஒன்றரை மாதத் தொல்லைக்கு அதுதான் காரணம்.

இவ்வளவும் செய்தும் ஒரு மாதத்தில் மறுபடி உறைகிறது என்றால் ஹீட்டரின் சூடு ஓட்டை வரை எட்டவில்லை, அல்லது ஹீட்டரோ அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ போயிருக்கிறது. சுருள் முழுக்க வெள்ளையாகப் பனி மூடியிருந்தால் பெரும்பாலும் பனி உருகுவதில்தான் கோளாறு. அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அந்தச் செலவு நியாயமானது. போனிலேயே "தண்ணி லீக்" என்று மட்டும் சொல்லாமல், "ஃப்ரீசர் தரையில் ஐஸ் பாளம் இருக்கு, டிரெயின் அடைச்சிருக்கு, ஹீட்டரையும் செக் பண்ணணும்" என்று சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் அவர் பலகையை மூடுவதற்கு முன்னால், மேலே ஓட்டையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பின்னால் ட்ரேயில் அது வந்து சேர்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.