ரொட்டிக்குக் கொடுத்த 480 டாலர் போச்சு, விசேஷத்துக்கு ஆர்டர் கொடுக்கறவங்க பார்த்துக்குங்க

சனிக்கிழமை நடந்தது. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம்னு புதன்கிழமை வரைக்கும் பொறுத்தேன். ஆறல. இன்னிக்குக் காலையில மறுபடி போன் பண்ணி மறுபடி அதே பதில் கேட்ட பிறகு உட்கார்ந்து எழுதறேன்.

கடை பேர் போட மாட்டேன், இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க. சிட்னி மேற்குப் பக்கம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒண்ணு இருக்குமே, கண்ணாடிக்குப் பின்னால நீள நீளமா ரொட்டி அடுக்கி வெச்ச வியட்நாமிய பேக்கரி, அதுல ஒண்ணு. இந்த மாதிரி ஆர்டர் கொடுக்கும்போது என்னென்ன கவனிக்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

வியட்நாம்காரங்களையே திட்டறேன்னு யாரும் ஆரம்பிச்சுடாதீங்க. 1975ல சைகோன் விழுந்த பிறகு எல்லாத்தையும் விட்டுட்டு வந்து, இந்த ஊருக்கே சாப்பாட்டு ருசி காட்டினவங்க. வாழைப்பூ வேணும்னா நான் இன்னிக்கும் அவங்க கடைகள் நிறைஞ்ச கேப்ரமாட்டாவுக்குத்தான் ஓடுவேன். என் சண்டை இந்த ஒரு கடையோட மட்டும்தான்.

இங்க வெள்ளைக்காரங்க போர்க் ரோல்னு சொல்றதுதான் பான் மி. ரொட்டி பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது, உள்ள வைக்கறது எல்லாம் இவங்க கைப்பக்குவம். மேல்தோல் பொரபொரன்னு உதிரும், உள்ள பஞ்சு. வினிகர் சர்க்கரையில ஊறின கேரட்டும் முள்ளங்கியும், நீளமா ஒரு வெள்ளரித் துண்டு, காம்போட கொத்தமல்லி, வதக்காம அப்படியே நறுக்கிப் போட்ட சிவப்பு மிளகாய். கடிச்சதும் புளிப்பும் காரமும் சேர்ந்து ஏறும். முதல் தடவை கார்ல உட்கார்ந்து சாப்பிட்டு மடியெல்லாம் ரொட்டித் தூள், அப்படியே ஆபீஸ் போனேன். அதுக்கப்புறம் வாரா வாரம் வெள்ளிக்கிழமை அங்கதான்.

என் புத்தி எங்க மழுங்கிச்சுன்னு சொல்லணும்ல. அந்தக் கவுன்ட்டர்லதான்.

ஊர்ல இருந்து அத்தை வந்திருக்காங்க, என் வீட்டுக்காரரோட அம்மா. முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத சைவம். அவங்களுக்கு ஏதாவது இனிப்பு வாங்கலாம்னு ஒரு நாள் போனேன். மேல பூ அச்சு வெச்ச மாதிரி, வட்டமா, அடுக்கடுக்கா தோல் உரியற ஒரு பலகாரம், பான் பியா. உள்ள பாசிப்பருப்பும் டுரியனும்னு அட்டை. பருப்புதானேன்னு எடுத்தேன். கவுன்ட்டர்ல இருந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், என் கையில இருந்து அதை வெடுக்குன்னு பிடுங்கினாங்க. "மம்மிக்கா? வேண்டாம், வேண்டாம். பன்னிக் கொழுப்பு. நடுவுல முட்டை." அப்புறம் பச்சையும் மஞ்சளுமா வரி வரியா இருக்கற ஒண்ணை எடுத்துக் கொடுத்தாங்க. அதோட பேருக்கே பன்னித் தோல் பலகாரம்னுதான் அர்த்தமாம். ஆனா உள்ள இருக்கறது மரவள்ளி மாவு, தேங்காய்ப் பால், பாண்டன் இலை, பாசிப்பருப்பு, அவ்வளவுதான். பேர்ல பன்னி இருக்கறதுல பன்னி இல்ல, பேர்ல இல்லாததுல இருக்குன்னு சொல்லி அவங்களே சிரிச்சாங்க. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தானும் மரக்கறிதான் சாப்பிடுவேன்னாங்க. எங்க அத்தையும் அமாவாசை விரதம்னு சொன்னதும் எள்ளுருண்டை மாதிரி பொரிச்சது ரெண்டை, அதுவும் மரக்கறிதான்னு சொல்லி, பையில சும்மா போட்டாங்க.

விக்கற பொருளையே வேண்டாம்னு பிடுங்கினவங்களை எப்படிங்க சந்தேகப்படறது?

பையனோட பிறந்தநாளுக்கு அவங்ககிட்டயே ஆர்டர் கொடுத்தேன். சின்ன ரோல் 70, அதுல 30 டோஃபு வெச்ச மரக்கறி ரோல். அந்தப் பச்சை மஞ்சள் பலகாரம் 3 தட்டு. ரோல் ஒண்ணு 6 டாலர், தட்டு 40, மொத்தம் 540. கார்டை நீட்டினா, "கேஷ்னா 480"ன்னாங்க. அறுபது டாலர் மிச்சமாகுதேன்னு எதிர்ல இருந்த ஏடிஎம்முக்கு ஓடினேன் பாருங்க, அந்த ஓட்டத்தை நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது. ரசீதுக்குப் பதிலா ஆர்டர் புக்ல இருந்து ஒரு துண்டு கிழிச்சுக் கொடுத்தாங்க. "70 சனி 11", அடியில ஒரு கோடு. கடை பேர் இல்ல, தொகை இல்ல.

சனிக்கிழமை 11 மணிக்குப் போனா அந்த அம்மா இல்ல. ஒரு தம்பி நிக்கறான். புக்கைப் புரட்டறான், அப்படி ஆர்டரே இல்லையாம். துண்டுச் சீட்டைக் காட்டினேன். உள்ள போய் யார்கிட்டயோ பேசிட்டு வந்து, இருக்கறதைப் போட்டுத் தரேன்னான். ஐம்பது நிமிஷம் நின்னேன். 34 ரோல் வந்துச்சு. ரொட்டி முந்தின நாளோடது, அமுக்கினா அமுங்குது, உதிரல. இனிப்புக்குப் பச்சைப் பலகாரம் தீர்ந்துடுச்சுன்னு ஒரு டப்பா தூக்கிக் கொடுத்தான். வீட்டுல வந்து திறந்தா பான் பியா! அன்னிக்கு என் கையில இருந்து பிடுங்கினாங்களே, அதேதான்.

அதையாவது ஒளிச்சு வெச்சேன். ரோலை விட்டுட்டேன். மரக்கறி ரோல்னு பச்சை ரப்பர் பேண்ட் போட்டு 15 கொடுத்திருந்தான். அத்தை ரெண்டு வாய் சாப்பிட்டு, "கத்திரிக்காய்த் துவையல் தடவியிருக்காங்களாம்மா? நல்லாயிருக்கே"ன்னாங்க. எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. வாங்கிப் பிரிச்சுப் பார்த்தா, டோஃபுக்கு அடியில ரொட்டியோட ஒட்டிப் பழுப்பா ஒரு பூச்சு. பேட்டே, அதாவது ஈரலை அரைச்ச விழுது. பன்னி ஈரல். துவையல் இல்லத்தைன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டாங்க. ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் வாய் கொப்புளிச்சாங்க, தலைக்குக் குளிச்சாங்க, அன்னிக்கு முழுக்கப் பச்சைத் தண்ணிதான். வந்தவங்களுக்குக் கடைசி நேரத்துல பீட்சா. அது தனிச் செலவு.

இனி கடைக்காரங்க கதை. ஞாயித்துக்கிழமை: பாஸ் இல்ல, நாளைக்கு வாங்க. திங்கள்: அந்த அம்மா ஊருக்குப் போயிட்டாங்க, வர ஒரு மாசம் ஆகும், அவங்க வாங்கின காசு கல்லாவுக்கு வரல. செவ்வாய்: நேர்ல போனேன். புதுசா ஒருத்தர் வந்து, அவங்க இங்க வேலை செய்யறவங்களே இல்ல, சொந்தக்காரங்க, சும்மா உதவிக்கு நிப்பாங்கன்னார். அப்போ மாசக்கணக்கா என்கிட்ட காசு வாங்கினது யாரு, ஆவியா? பேட்டேவைக் கேட்டா, "கொஞ்சம்தானே தடவியிருக்கு"ங்கறார். இதைக் கேட்டுக் கத்திட்டேன். வரிசையில நின்னவங்க திரும்பிப் பார்த்தாங்க. சமாதானமா என்ன கொடுத்தார் தெரியுமா? ரெண்டு ஐஸ் காபி. 480 டாலருக்கு ரெண்டு ஐஸ் காபி. அங்கேயே வெச்சுட்டு வந்தேன். புதன்: "சீட்டுல எங்க கடை பேர் எங்க இருக்கு, காட்டுங்க." இன்னிக்குக் காலையிலயும் அதே பாட்டு, பாதியிலயே போனை வெச்சுட்டாங்க.

34 ரோல் வாங்கினியே, அதைக் கழிச்சுக்கோன்னு எங்க வீட்டுக்காரரே சொல்றார். எதுக்குக் கழிக்கணும்? முக்கால்வாசி குப்பைக்குப் போச்சு. 480ன்னா 480.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், எழுத எழுதக் கோபம்தான் வருது. அதனால சுருக்கமா. கேஷ்ல குறைச்சுத் தரேன்னா ஓடாதீங்க, கார்டுல போட்டிருந்தா பேங்க்லயாவது முறையிட்டுப் பார்த்திருக்கலாம். இந்த நாட்டுல 75 டாலருக்கு மேல வாங்கினா ரசீது கொடுத்தே ஆகணும்னு சட்டம், கேட்டு வாங்குங்க, கடை பேரோட. மரக்கறி ரோல்னா பேட்டே வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம்னு தனித்தனியா எழுதிக் கொடுங்க. டப்பாவை அங்கேயே திறந்து பாருங்க. வேற ஏதோ சொல்ல நினைச்சேன், மறந்துடுச்சு.

வாடிக்கையாளர் புகாரைப் பார்க்கற அரசாங்க ஆபீஸ் ஃபேர் டிரேடிங்ல புகார் போட்டிருக்கேன், ஏடிஎம் எடுத்த நேரமும் துண்டுச் சீட்டு போட்டோவும் சேர்த்து. அத்தை இப்போ நான் ஆக்கிப் போடறதைக்கூட ஒரு தடவை கிளறிப் பார்த்துட்டுத்தான் சாப்பிடறாங்க. வெள்ளிக்கிழமை லஞ்ச் டைம்ல கடையில கூட்டம் அதிகம், நாளைக்கு அந்த நேரத்துக்குத்தான் போகப் போறேன்.